கோசமல்லிக்கு முன்னால் பரோட்டா எம்மாத்திரம்

சூடான இடியாப்பம் நாலு, அதன் மேல் இரண்டு கரண்டி கத்திரிக்காய்க் கோசமல்லி. ராத்திரிக்கு வீட்டில் இது இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், நூறடி ரோட்டில் எத்தனை கல்லில் பரோட்டா வெந்தாலும் என் கால் நிற்காது. வாயைக் கட்டு, வாயைக் கட்டு என்று எல்லாரும் எல்லாருக்கும் புத்தி சொல்கிற காலம் இது. வாயைக் கட்டாமலே உடம்பைப் பார்த்துக்கொள்ள முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதற்கு வேண்டியது பெரும்பாலும் எங்கள் செட்டிநாட்டு அடுப்படியிலேயே இருக்கிறது.

நான் பிறந்தது பள்ளத்தூர், வாக்கப்பட்டது காரைக்குடி. ஒரு கல்லூரி அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன், நாள் முழுக்க நாற்காலிதான். போன வருஷம் ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.2 சதவீதம் என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்று அர்த்தம். இந்தியாவில் இந்த நிலையில் 13.6 கோடிப் பேரும், நோய் வந்தவர்கள் 10.1 கோடிப் பேரும் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்திய பெரிய ஆய்வு 2023இல் சொன்னது. நம் தெருவில் வீட்டுக்கு ஒருவர் மாத்திரை டப்பா வைத்திருப்பதைப் பார்க்கும்போது அந்தக் கணக்கு எனக்கு ஆச்சரியமாக இல்லை.

முடிவைப் பார்த்ததும் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். இனிமேல் இனிப்பைக் கண்ணால் பார்க்காதே, எண்ணெய்ப் பலகாரத்தைத் தொடாதே, ராத்திரிக்கு ஓட்ஸ் கஞ்சி குடி. மருந்து சாப்பிடும்போது குரங்கை நினைக்காதே என்கிற கதைதான். எதை நினைக்காதே என்கிறார்களோ அதுதான் அலுவலகத்தில் ரசீது எழுதும்போதுகூட முன்னால் வந்து நிற்கும். ருசியில்லாத கஞ்சியைக் குடித்துவிட்டு, ருசியானதை மறுத்துக்கொண்டே மிச்ச வாழ்நாளைக் கழிப்பது யாராலும் ஆகாது. இலையில் இருப்பது ருசியாக இருக்க வேண்டும். அப்போதுதான் அடுத்த இலையில் என்ன என்று பார்க்கத் தோன்றாது.

அதனால்தான் கோசமல்லியில் தொடங்கினேன். எங்கள் ஆயா, அதாவது ஆத்தாவைப் பெற்றவர்கள், பள்ளத்தூர் வீட்டு இரண்டாம் கட்டில் உட்கார்ந்து செய்வார்கள். அரைக் கிலோ கத்திரிக்காயையும் ஒரு உருளைக்கிழங்கையும் குழைய வேகவைத்து, தோல் உரித்து, கையாலேயே மசிப்பார்கள். மிக்ஸியில் போட்டால் கூழாகிவிடும். அங்கங்கே கத்திரிக்காய் நாக்கில் தட்டுப்பட வேண்டும் என்பார்கள். இரண்டு டீஸ்பூன் நல்லெண்ணெயில் கடுகு, உளுந்து, வரமிளகாய், பெருங்காயம், கருவேப்பிலை தாளித்து, சின்ன வெங்காயம் ஒரு கை நிறைய, பச்சை மிளகாய், தக்காளி வதக்கி, நெல்லிக்காய் அளவு புளியை நீர்க்கக் கரைத்து ஊற்ற வேண்டும். புளியின் பச்சை வாசனை போனதும் மசித்ததைக் கொட்டி, தண்ணீர் விட்டுத் தளர்த்தி, ஒரு கொதியில் இறக்கி, மல்லித்தழை தூவினால் ஆயிற்று. சாம்பாரை விடக் கெட்டியாக, கூட்டை விட இளக்கமாக இருக்கும். புளிப்பும் உறைப்பும் தாளிப்பு வாசனையும் சேர்ந்து நாக்கில் நிற்கும்.

இப்போது கணக்குக்கு வருகிறேன், தொழில் புத்தி விடாது. கத்திரிக்காய் 100 கிராமுக்கு 25 கலோரிதான். அரைக் கிலோவுக்கு 125. உருளைக்கிழங்கு 100 வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு டீஸ்பூன் எண்ணெய் 80. வெங்காயம், தக்காளிக்கு ஒரு 50. மொத்தப் பாத்திரமும் 355 கலோரி. நாலு பேர் தாராளமாக ஊற்றிக்கொண்டால் ஆளுக்கு 90கூட வராது. உருளைக்கிழங்கு சிப்ஸ் 100 கிராமில் 530 கலோரிக்கு மேல் இருக்கிறது. ஒரு சீரியல் முடிவதற்குள் அந்தப் பாக்கெட்டைக் காலி செய்கிறவர்களை எல்லாருக்கும் தெரியும். கோசமல்லியோ, வயிறு நிறைந்த பிறகு இன்னொரு கரண்டி என்றால் வயிறே வேண்டாம் என்றுவிடும்.

காரணம் எளிது. காயில் பெரும்பங்கு தண்ணீரும் நாரும். கொழுப்பில் ஒரு கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்திலும் புரதத்திலும் 4, தண்ணீரில் ஒன்றும் இல்லை. ஒரே கலோரிக்குத் தட்டு நிறையச் சாப்பிட வேண்டுமானால் தண்ணீரும் நாரும் உள்ளதைச் சேர்க்க வேண்டும். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பார்பரா ரோல்ஸ் பல ஆண்டுகளாக இதைத்தான் ஆராய்ந்து வருகிறார். 2007இல் அவர் குழு வெளியிட்ட சோதனை ஒன்றில், சாப்பாட்டுக்கு முன்னால் கலோரி குறைந்த சூப் குடித்தவர்கள், அந்த சூப்பையும் சேர்த்துப் பார்த்தாலும் 20 சதவீதம் குறைவாகவே சாப்பிட்டார்கள். அதைப் படித்ததிலிருந்து ரசத்தைக் கடைசியில் சோற்றில் ஊற்றிக்கொள்வதோடு நிறுத்தாமல், முதலிலேயே ஒரு டம்ளர் குடித்துவிட்டுத்தான் இலைக்கு வருகிறேன். மிளகும் பூண்டும் தட்டிப்போட்ட ரசம் குடிப்பதை யாரும் பத்தியம் என்று சொல்ல முடியாது.

செட்டிநாடு என்றாலே வெளியூர்க்காரர்களுக்கு எண்ணெய் மிதக்கும் மிளகுக் கோழிதான் ஞாபகம். நெடுஞ்சாலையில் பலகை மாட்டிய ஓட்டல்கள் அதைத்தான் கற்றுக்கொடுத்திருக்கின்றன. வீட்டில் நாள் தவறாமல் கொதித்தது வேறு. முருங்கைக்காயோ பூசணிக்காயோ போட்டு, பருப்பு கொஞ்சமும் புளி அதைவிடக் கொஞ்சமுமாக ஒரு இளங்குழம்பு. அரைவேக்காட்டுப் பாசிப்பருப்பு சேர்த்த முட்டைக்கோஸ் துவட்டலோ பீன்ஸ் துவட்டலோ ஒன்று. கீரை மசியல். அப்புறம் மண்டி. அரிசி களைந்த தண்ணீரில் புளி கரைத்து, சின்ன வெங்காயமும் பூண்டும் முழுசு முழுசாகப் போட்டு, வெண்டைக்காயோடு மொச்சையோ பலாக்கொட்டையோ சேர்த்துக் கொதிக்கவிட்டால் அந்தக் களைந்த தண்ணீரே குழம்புக்குப் பிடிப்பைக் கொடுத்துவிடும். தேங்காய் அரைக்க வேண்டாம், கூட எண்ணெய் ஊற்ற வேண்டாம். கொட்டப்போகிற தண்ணீரில் குழம்பு வைக்கக் கண்டுபிடித்த அந்த அம்மாள் யாரோ, அவர்களை நினைத்துக் கையெடுத்துக் கும்பிடுவேன்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தக் காய்களெல்லாம் இலையில் இருந்தாலும், பழைய வீடுகளில் சோறும் மலை மாதிரிதான் இருந்தது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில், நாள் முழுக்கச் சாப்பிடும் கலோரியில் தானியங்களின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறார்கள். நான் செய்தது ஒன்றே ஒன்றுதான்: துவட்டலை முதலில் வைத்துக்கொண்டு, சோற்றை அதற்குத் தொட்டுக்கொள்ள வைத்துக்கொண்டேன். கரண்டியின் அளவுகள் இடம் மாறியதைத் தவிர சமையலில் ஒன்றும் மாறவில்லை. எங்க வீட்டுக்காரர் முதல் வாரம் முகத்தைச் சுளித்தார். புடலங்காய்த் துவட்டலில் சின்ன வெங்காயத்தைக் கூட்டி, பருப்பை மலர வேகவிட்டு இறக்கியபின் அவரே கேட்டு வாங்கிக்கொள்கிறார்.

கடைத் தீனிக்கு வருகிறேன். அதைச் சாப்பிடுகிறவர்களுக்கு மன உறுதி இல்லை என்று பேசுவதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். 2019இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் என்பவர் ஒரு சோதனை நடத்தினார். 20 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்து, ஆலையில் பதப்படுத்திய தின்பண்டங்களும் உணவுகளும் இரண்டு வாரம், சாதாரணமாகச் சமைத்த உணவு இரண்டு வாரம் கொடுத்தார்கள். தட்டில் வைத்ததில் சர்க்கரை, கொழுப்பு, நார், உப்பு எல்லாம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். வேண்டிய அளவு சாப்பிடலாம். ஆலை உணவு கொடுத்த வாரங்களில் அவர்கள் ஒரு நாளைக்கு 500 கலோரி அளவுக்குக் கூடுதலாகச் சாப்பிட்டு, எடையும் ஏறிவிட்டது. சமைத்த உணவில் எடை இறங்கியது. அதே ஆட்கள், அதே மன உறுதி. அந்தப் பண்டங்கள் மெல்லாமலே இறங்குகிற மாதிரி, போதும் என்று வயிறு சொல்வதற்குள் முடிந்துவிடுகிற மாதிரி இருக்கின்றன. ஒரு பிள்ளை பாக்கெட்டைக் கீழே வைக்காமல் தின்றால் பிள்ளையைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. பாக்கெட் வீட்டுக்குள் வருவதைத்தான் பார்க்க வேண்டும்.

எனக்கு ஆபத்தான நேரம் சாயங்காலம். ஐந்து மணிக்கு அலுவலகத்தை விட்டு வெளியே வந்தால் ஒரு பக்கம் பேக்கரியில் பப்ஸ் அடுப்பிலிருந்து இறங்கும், மறுபக்கம் பஜ்ஜிச் சட்டி. மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்ட வயிறு அந்த வாசனையில் என்ன செய்யும்? பப்ஸின் அந்த மொறுமொறுப்பு பெரும்பாலும் வனஸ்பதி மாதிரிக் கெட்டிக் கொழுப்பால் வருவது. அந்த மாதிரிக் கொழுப்பில் வருகிற, இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு, எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று 2022 ஜனவரியிலிருந்து சட்டம் வந்துவிட்டது. நல்ல காரியம். அதற்காக அதில் கலோரி குறைந்துவிடவில்லை.

இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்று கைகொடுத்தது. மதியச் சாப்பாட்டுக்கும் ராத்திரிக்கும் நடுவில் இடைப்பலகாரம் என்று ஒன்று உண்டு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஆயா தருவது அதுதான். நான் அதை அலுவலகத்துக்கு நகர்த்திக்கொண்டேன். நாலரை மணிக்கு, பசி முற்றுவதற்கு முன்னால், டப்பாவைத் திறந்துவிடுவேன். ஒருநாள் தட்டாம்பயறு சுண்டல், ஒருநாள் வேகவைத்த நிலக்கடலை, ஒருநாள் காரக் கொழுக்கட்டை, ஒருநாள் குழிப்பணியாரம். இரும்புக் குழிக்கல் பழகிவிட்டால் குழிக்கு நாலு சொட்டு எண்ணெய் போதும், மாவு தானாகக் கழன்று வரும். ஒட்டாது. மேலே முறுகலும் உள்ளே மெத்தென்றும் இருக்கும் அந்தப் பணியாரத்தை வரமிளகாய்த் துவையலோடு சாப்பிட்டுவிட்டு ஐந்து மணிக்கு வெளியே வந்தால், பேக்கரி வாசனை வாசனையாகவே போய்விடுகிறது. எதிர்த்து நிற்க வேண்டிய தேவையே வருவதில்லை. பசியோடு கடை வாசலில் நின்று மனதோடு மல்லுக்கு நிற்பதை விட, நாலரை மணிக்கு ஒரு கை சுண்டல் எவ்வளவோ சுலபம். பக்கத்து மேஜைக்காரர்களும் இப்போது டப்பா கொண்டுவருகிறார்கள். திங்கட்கிழமை யார் சுண்டல், செவ்வாய் யார் என்று முறை போட்டாயிற்று.

கோடையில் இன்னும் எளிது. எங்கள் சீமை வறண்ட சீமை, பனை நிறைய. நுங்கு 100 கிராமில் சுமார் 40 கலோரிதான், வெள்ளரியில் 15. ரோட்டோரத்தில் கூறு கட்டி வைத்திருக்கும் வெள்ளரிப்பிஞ்சை மிளகாய்த்தூள், உப்பு தொட்டுக் கடித்தால் வரும் சத்தத்துக்கு எந்தப் பாக்கெட் வறுவலும் ஈடாகாது. உப்பை மட்டும் பார்த்துத் தொட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது. நம் வீட்டு ஊறுகாயும் அப்பளமும் சேர்ந்தால் அது எப்போதோ தாண்டியிருக்கும். உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் நாக்கு சில வாரங்களில் பழகிவிடும். அதற்கப்புறம் கடைச் சிப்ஸைக் கடித்தால் உப்பு கரிக்கிறது என்று நாக்கே சொல்லும்.

உடம்புக்கு நல்லது என்ற பெயரில் வந்து ஏமாற்றுகிறவைமேல்தான் எனக்கு வருத்தம் அதிகம். சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி போட்டேன், அதனால் இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன் என்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன். கருப்பட்டியில் மணம் உண்டு, கொஞ்சம் தாது உண்டு. கலோரி வெள்ளைச் சர்க்கரைக்குக் கிட்டத்தட்ட அதேதான், ரத்தத்தில் சர்க்கரையையும் ஏற்றும். கவுனி அரிசிக்கும் இந்தக் கதைதான். பர்மாவிலிருந்து வந்ததாக எங்கள் பக்கம் சொல்கிற அந்தக் கறுப்பு அரிசியில் நாரும் நிறச்சத்தும் வெள்ளை அரிசியை விட அதிகம், உண்மை. கலோரி என்னவோ மற்ற அரிசி அளவுதான். அதை ராத்திரியே ஊறவைத்து, வேகவைத்து, சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் நெய்யும் விட்டுக் கிளறி வைத்துவிட்டு, கவுனி சர்க்கரைக்கு நல்லதாமே என்று தைரியமாகச் சாப்பிட்டால் எப்படி? இனிப்பு இல்லாமல் கவுனிக் கஞ்சியாக, மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு குடித்துப் பாருங்கள். எனக்கு அது இனிப்பை விடப் பிடித்துப்போனது. நல்லெண்ணெய் விஷயமும் இதேதான். நல்லது என்று பேரிலேயே இருந்தாலும் ஒரு மேஜைக்கரண்டியில் 120 கலோரி. எந்த எண்ணெயும் அவ்வளவுதான். பல தானிய பிஸ்கட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அட்டையின் பின்பக்கத்தை ஒரு முறை படித்தால் போதும்.

இவ்வளவு சொன்ன பிறகு, பலகாரங்களை என்ன செய்வது என்று கேட்பீர்கள். மனகோலம், சீப்புச்சீடை, தேன்குழல், கந்தரப்பம், அதிரசம், வெள்ளைப் பணியாரம். எண்ணெயில் பொரித்தவை, கலோரி மிகுந்தவை. ஆனாலும் இவற்றைக் குப்பை உணவு என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். இவற்றுக்கு ஒரு நாள் இருந்தது. தீபாவளி, பிள்ளையார் நோன்பு, கல்யாணச் சீர் என்று நாள் வந்தால் மாவு இடிபடும், சட்டி ஏறும். டின்னில் அடுக்கி வளவு அறையில் பூட்டிவைப்பார்கள். சாவி ஆயா இடுப்பில். பிள்ளைகளுக்கு எண்ணிக் கொடுப்பார்கள். அந்தப் பூட்டுதான் எங்கள் சத்துணவு நிபுணர். இன்றைக்கு வருஷம் முழுக்கக் கடைகளில் பாக்கெட்டில் கிடைக்கிறது, தேநீரோடு தினமும் நாலு சீப்புச்சீடை என்று பழகிவிட்டார்கள். கெடுதல் சீடையில் இல்லை, தினமும் என்பதில் இருக்கிறது. அதற்கென்று இருந்த நாள் போனால் ருசியும் போய்விடுகிறது. வருஷத்தில் சில தடவை சாப்பிட்ட அந்த மனகோலம் எங்களுக்குத் தந்த சந்தோஷத்தை, பாக்கெட்டிலிருந்து அள்ளிப் போடுகிற இந்தக் காலத்துப் பிள்ளைகள் அறிந்திருக்க மாட்டார்கள் என்று நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது.

என் மகன் சென்னையில் வேலை பார்க்கிறான், அறையில் நண்பர்களோடு தங்கல். ராத்திரி பதினோரு மணிக்குக் கைபேசியில் பிரியாணி வரவழைத்துச் சாப்பிடுவதாக அவனே சொன்னான். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஊருக்கு வந்துவிட்டுப் பல்லவன் ரயிலில் சென்னைக்குத் திரும்பும்போதெல்லாம் ஒரு டப்பா மண்டி கொடுத்தனுப்ப ஆரம்பித்தேன். புளி இருப்பதால் குளிர்பெட்டியில் இரண்டு நாள் தாங்கும், மறுநாள்தான் ருசியே ஏறும். போன மாசம் போன் பண்ணி, “அம்மா, வெண்டைக்காய் வழவழப்பு போக முதல்ல வதக்கணுமா, இல்லை அப்படியே போடலாமா?” என்று கேட்டான். நன்றாக வதக்கு என்றேன். அறை நண்பர்களுக்கும் சேர்த்து அரைக் கிலோ வாங்கியிருக்கிறானாம்.

தை மாசம் என் தங்கை மகளுக்குக் கல்யாணம். சமையல்காரரோடு உட்கார்ந்து பட்டியல் பேசியாகிவிட்டது. மதியப் பந்தியில் வறுவல் ஒன்றைக் குறைத்து, துவட்டல் இரண்டாக்கச் சொல்லி வாதாடி ஜெயித்துவிட்டேன். சீருக்கு மனகோலமும் அதிரசமும் முறைப்படி உண்டு, அதில் கை வைக்க நான் யார். காலைப் பலகாரத்தில் வெள்ளைப் பணியாரம் இருக்கிறது. இரண்டு வைத்துக்கொள்வேன், துவையலோடு. பணியாரம் ஆறினால் எண்ணெய் நாக்கில் தெரியும், அதனால் முதல் பந்தியிலேயே உட்காருவதாகத் தங்கையிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.